வெயில் விளையும் கரை

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாளிதழ்களில் ஊர்வாரியாக மழையளவு வரும். புதுக்கோட்டை மாவட்டப் பட்டியலில் ஆதனக்கோட்டை, பெருங்களூர், கந்தர்வகோட்டை என்று வடக்கே தொடங்கி அறந்தாங்கி, ஆயிங்குடி, நாகுடி, மீமிசல், ஆவுடையார்கோயில், மணமேல்குடி என்று ஓடும். மீமிசல் என்ற பெயர் பலருக்கு அந்தப் பட்டியலில்தான் அறிமுகம். ஒரு நாள் மாவட்டம் முழுக்க நனைந்திருக்கும், மீமிசலுக்கு நேரே சில மில்லிமீட்டர் நிற்கும். இன்னொரு நாள் மற்ற ஊர்களெல்லாம் தூறலோடு நிற்க, மீமிசல் மட்டும் கொட்டித் தீர்த்திருக்கும். அந்த ஊரை மழை இல்லாத மாதத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நீண்ட நாளாக ஆசை. மழைக்காலத்தில் எந்த ஊரும் பச்சையாகத்தான் இருக்கும். ஓர் ஊரின் வானிலையை அறிய வேண்டுமானால், அது மழைக்குக் காத்திருக்கும்போது பார்க்க வேண்டும். அதனால் ஆவணியில் கிளம்பினேன்.

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயில் வழியாக மீமிசலுக்குப் பேருந்து. அறந்தாங்கியை விடும்போது காவிரியையும் விட்டுப் போகிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிட்டு 1934-இல் முடிக்கப்பட்ட கல்லணைக் கால்வாய், தஞ்சாவூர் மேட்டு நிலங்களைக் கடந்து இந்த வட்டாரம் வரை வருகிறது. நாகுடிப் பக்கம் பாய்ந்து மும்பாலை ஏரியில் முடிகிறது. கடைமடை என்று சொல்லும்போது காவிரிப் பாசனத்தின் கடைசி மூச்சு அங்கேதான். அதற்குத் தெற்கே மீமிசல் வரையிலான நிலத்தில் பெரும்பகுதிக்குக் காவிரி என்பது செய்தியில் கேட்கிற ஆறு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்களா இல்லையா என்ற கவலை நாகுடிக்காரருக்கு உண்டு. மீமிசல்காரர் பார்ப்பது கிழக்கு வானத்தை.

வழியில் தென் வெள்ளாறு. மணலும் நாணலும்தான், தண்ணீர் இல்லை. சோழநாட்டுக்கும் பாண்டியநாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்படும் ஆறு இது. அந்த எல்லை அரசர்கள் வைத்ததாகவே இருக்கட்டும், நிலத்தின் நிறமும் இதைச் சுற்றித்தான் மாறுகிறது.

ஆவுடையார்கோயிலில் இறங்கிக் கொஞ்ச நேரம் இருந்தேன். மாணிக்கவாசகரோடு சேர்த்துப் பேசப்படும் திருப்பெருந்துறை இதுதான். இங்கே எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது கொடுங்கையை. மரச்சட்டமும் ஆணியும் கம்பியும் வைத்துக் கூரை வேய்ந்ததுபோல் அத்தனையையும் கருங்கல்லில் மெலிதாக இழைத்திருக்கிறார்கள். அந்தக் கொடுங்கையின் கீழே நண்பகலில் நின்றால், சிற்பத்துக்கு அப்பால் ஒன்று புலப்படும். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே குளிர்ந்த கல் நிழல். இந்த ஊருக்கு நிழல் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தவர்கள் கட்டிய கூரை.

மீமிசல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பத்து பாகையில் இருக்கிறது. சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவது இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை: சித்திரை பிறந்ததும் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மறுமுறை. ஆவணி வெயிலைக் குறைத்து எடைபோடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சித்திரைக் கத்திரியைப் பற்றி ஊரே பேசுகிறது. இந்த இரண்டாவது உச்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆவுடையார்கோயிலைத் தாண்டினால் நிலம் படுத்துக்கொள்கிறது. மேடு என்று எதையும் சொல்ல முடியாது. தெரிகிற ஒரே உயரம் கண்மாய்க் கரைகள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உண்டு. ஒரு கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்தால் அது அடுத்த கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலியாக இறங்கி, கடைசிக் கண்மாயின் மிச்சம் கடலுக்குப் போகிறது. மலை இல்லாத, அணை கட்டப் பள்ளத்தாக்கு இல்லாத நிலத்தில் மழையைப் பிடித்து வைக்க இதைவிட நல்ல வழியை யாரும் இன்றுவரை சொல்லவில்லை.

நான் இறங்கி நடந்த கண்மாய் காய்ந்து கிடந்தது. உள்வாயில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கரையோரம் பனைகள், நடுவே சீமைக் கருவேலம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விறகுப் பஞ்சத்துக்குத் தீர்வாக விதைத்த மரம், விறகும் கரியும் கொடுத்தது உண்மைதான். இந்தப் பக்கத்துக் கரிமூட்டங்கள் பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தன. ஆனால் அது கண்மாய்க்குள் புகுந்து, வரத்துக்காலை அடைத்து, வண்டலைத் தேக்கி, கொள்ளளவைத் தின்றுவிட்டது. அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. நான் பார்த்த கண்மாய்க்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

கரைக்கு வெளியே வயலில் உழவு நடந்துகொண்டிருந்தது. டிராக்டர் போன இடமெல்லாம் செம்புழுதி எழுந்து காற்றில் போயிற்று. வரப்பில் நின்ற பெரியவரிடம், ஈரமே இல்லாமல் எதற்கு ஐயா உழுகிறீர்கள் என்று கேட்டேன்.

"புழுதியிலதான் தம்பி வெதைக்கணும். நாத்து விட்டு நடுறதுக்கு நம்மகிட்ட ஆத்துத் தண்ணியா இருக்கு? வெதைய மண்ணுக்குள்ள போட்டுட்டா அது பாட்டுக்குக் கெடக்கும். மழை விழுந்தா மொளைக்கும்."

விழாவிட்டால்?

"ரெண்டாவது தடவ வெதைக்கணும். அதுக்கும் விழாட்டி வைக்கோலும் இல்ல."

நேரடி விதைப்பு என்று வேளாண் துறை சொல்வதை இங்கே புழுதி விதைப்பு என்கிறார்கள். ஆவணியிலும் புரட்டாசியிலும் உழுது விதைத்து, மாலை நேர இடிமழையில் முளைக்க வைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்த்து, அதற்குள் கண்மாயில் சேர்ந்த தண்ணீரை மார்கழியில் மடை திறந்து பாய்ச்சி, தையில் அறுக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு ஒரே போகம். இந்தக் கணக்கில் எந்த மாதம் பிசகினாலும் அந்த ஆண்டு போயிற்று. முன்னால் பெய்து பின்னால் பொய்த்தால் பயிர் காயும். பின்னால் பெய்து அறுவடையில் தண்ணீர் நின்றால் கதிர் வயலிலேயே முளைக்கும்.

இந்த ஊரில் மழை குறைவு என்று சொல்வது பாதிதான் உண்மை. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை தொள்ளாயிரம் மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. இராஜஸ்தானத்து ஜெய்ப்பூரில் பெய்வது அறுநூறு சொச்சம்தான். அப்படியிருக்க மீமிசல் ஏன் இப்படிக் காய்கிறது? வெயிலும் காற்றும் இங்கே ஆண்டு முழுக்க ஓய்வதில்லை. ஜெய்ப்பூருக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டு, அப்போது மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் குறைகிறது. மீமிசலின் மிகக் குளிர்ந்த மார்கழி இரவுகூட இருபது பாகையை ஒட்டித்தான் நிற்கும். ஆண்டு முழுக்க நிலம் ஆவியாக விடக்கூடிய நீரைக் கணக்கிட்டால் அது பெய்யும் மழையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வரும். மழை, அந்த ஆவித் தேவையில் பாதிக்குக் கீழே இறங்கினால் அரைவறள் நிலம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வகுத்திருக்கிறது. மீமிசல் அந்தக் கோட்டின் மேலேயே குடியிருக்கிறது. நல்ல மழை ஆண்டில் ஒரு பக்கம், கெட்ட ஆண்டில் மறுபக்கம்.

இன்னொன்று கடற்கரையின் வளைவு. நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரை வரை கரை நேராகக் கிழக்கைப் பார்க்கிறது. வங்கக் கடலிலிருந்து வரும் மேகம் முழு வேகத்தில் மோதுகிறது. நாகப்பட்டினத்துக்கு ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டருக்கு மேல். கோடியக்கரையில் கரை மேற்கே மடங்கி உள்வாங்குகிறது. அதிராம்பட்டினம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி எல்லாம் அந்த மடிப்புக்குள். எதிரே இலங்கை. புயலோ தாழ்வு மண்டலமோ தெற்கே வந்தால் முதலில் இலங்கையைத் தொட்டு நீர்ச்சுமையை அங்கே இறக்கிவிட்டுத்தான் பெரும்பாலும் இந்தக் கரைக்கு வரும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறைக்கிறது. கிழக்கை இலங்கை ஓரளவு மறைக்கிறது. நீரிணையின் அந்தக் கரையிலும் இதே கதைதான். இலங்கையிலேயே மிக வறண்ட பகுதிகளில் மன்னாரும் ஒன்று. கடல் நடுவே இருந்தாலும் மன்னார்க்காரரும் மீமிசல்காரரும் ஒரே வானத்தின் பிள்ளைகள்.

மீமிசலுக்குள் வந்ததும் காற்று மாறியது. அதுவரை முகத்தில் அடித்த மேல்காற்று தளர்ந்து, பகல் பதினொன்றுக்குப் பின் கடல்காற்று ஏறியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகள். கல்யாணராமர் கோயில், பள்ளிவாசல், மீன் வாடி, இறால் தீவன விளம்பரம், தேநீர்க் கடை. கடையில் உட்கார்ந்து, "பாய், இங்க எப்ப நல்ல காலம்?" என்றேன். அவர் கேட்ட கேள்வி என்னை நாள் முழுக்க யோசிக்க வைத்தது: "யாருக்கு?"

யாருக்கு என்பதுதான் மீமிசலின் பருவகாலம். தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளியில் படித்தோம். இலக்கணப்படி ஆவணி கார்காலம். நான் நின்ற ஆவணியில் கண்மாய் வெடித்துக் கிடந்தது. இந்தக் கரையில் ஆண்டைப் பிரிப்பது தொழில். உழவருக்கு ஒரு நாட்காட்டி, உப்பளத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. ஒருவருடைய அறுவடை இன்னொருவருடைய ஓய்வு.

உப்பளத்தில் அதை நேரில் கண்டேன். ஊருக்கு வெளியே பாத்திகள் கண்ணாடிபோல் வெயிலில் மின்னின. கடல்நீரில் உப்பின் செறிவு, உப்பளத்தில் அளக்கும் அடர்த்திமானியில், ஏறத்தாழ மூன்று டிகிரி. அதைத் தெப்பத்தில் தேக்கி, பாத்தி மாற்றி மாற்றிக் காயவைத்து, இருபத்தைந்து டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கும். அதற்கு மேல் விட்டால் கசப்புச் சத்து சேர்ந்துவிடும், மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இத்தனையும் செய்வது வெயிலும் காற்றும். மனிதர் செய்வது பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குவதும், வாருபலகையால் உப்பை வாரி வரப்பில் குவிப்பதும். கேட்க எளிது. உப்புநீரில் நின்ற காலையும், வெள்ளைப் பரப்பில் பட்டு மேலெழும் வெயிலில் சுருங்கிய கண்ணையும் பார்த்தால் அந்த எளிமை போய்விடும். ஒரு கிலோ உப்பை விலை பேசாமல் வாங்குகிற நாம் எல்லோரும் ஒரு நாள் அங்கே போய் நிற்க வேண்டும்.

வாரிக்கொண்டிருந்த ஒருவரிடம், "அக்கா, மழை வந்தா நல்லாயிருக்கும்ல?" என்று கேட்டேன். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"வரட்டும், வேணாங்கல. ஊருக்குத் தண்ணி வேணுமே. ஆனா ஐப்பசிக்கு வரட்டும். இப்ப ஒரு மழை விழுந்தா ஒரு வாரம் வேல கெடையாது."

அவர் சொன்னது துல்லியமான கணக்கு. விளையும் தறுவாயில் இருக்கும் பாத்தியில் மழைநீர் கலந்தால் செறிவு இறங்கி, முதலிலிருந்து காய வேண்டும். தை மாசியில் தொடங்கும் உப்பு வேலை புரட்டாசி வரை ஓடி, பருவமழையோடு முடியும். மூன்று நான்கு மாதம் கூலி இல்லை. பெரியவரின் விதை முளைக்கக் காத்திருக்கும் அதே ஆவணி மழை, இந்த அக்காவின் ஒரு வாரக் கூலி. இருவரும் சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரே வானத்தைப் பார்க்கிறார்கள். இருவர் வேண்டுவதும் நியாயம்.

இறால் பண்ணைகளும் இந்த வெயிலை நம்பித்தான் வந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காந்தியவாதி ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பு வழங்கியது. 2005-இல் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. பின்னர் வனாமி இறால் வந்து தொழில் மறுபடி வேர்விட்டது. வேலை கொடுக்கிறது, அந்நியச் செலாவணி கொண்டுவருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் மழைநீர் கடலுக்கு வடியும் ஓடையை மறித்து எந்தக் கரை எழுந்தாலும், அது அடைமழையில் பக்கத்து வயலை மூழ்கடிக்கும். மழை குறைந்த நிலத்துக்கு வெள்ளம் வராது என்று நினைப்பவர்கள் இந்தக் கரையின் கார்த்திகையைப் பார்த்ததில்லை.

மாலையில் முத்துக்குடாவுக்குப் போனேன். அலையாத்திக் காடு. அண்மைக் காலத்தில் படகுச் சவாரிக்கு ஆட்கள் வருகிறார்கள். பிச்சாவரத்தின் உயரத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. நன்னீர் வரத்து சில வாரங்களுக்கு மட்டுமே உள்ள கழிமுகத்தில் மரம் குட்டையாகத்தான் வளரும். வெண்கண்டல் இலையைத் தொட்டுப் பார்த்தால் உப்பு ஒட்டும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றி இந்த மரம் வாழ்கிறது.

கரையில் வலையை அலசிக்கொண்டிருந்த மீனவர்கள் பேசியதெல்லாம் காற்றைப் பற்றி. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர். பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது, சராசரி ஒன்பது மீட்டர் அளவுதான். மேல்காற்று வீசும் ஆடி ஆவணியில் கரையோரம் அடங்கிக் கிடக்கும். வாடை பிடித்த கார்த்திகை மார்கழியில் கலங்கிக் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாவில் இது தலைகீழ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இந்த ஆழமற்ற, வெயில் தரை வரை எட்டும் நீரில்தான் கடற்புல் வளர்கிறது. புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அதுதான். வெயில் நிலத்தில் புல்லைக் கருக்குகிறது, கடலில் அதே வெயில் புல்லை வளர்க்கிறது.

மறுநாள் திருப்புனவாசல். பாம்பாற்றங்கரையில் உள்ள பாடல் பெற்ற தலம். பெருத்த லிங்கத் திருமேனிக்காகவும் நந்திக்காகவும் வருவோர் அதிகம். நான் போனது சுந்தரரின் பதிகத்தை நினைத்து. புனவாயிலைப் பாடும்போது அவர் மரப்பொந்து ஆந்தையையும் காய்ந்துபோன கள்ளியையும் கருகிய புல்லையும் ஒதுங்க இடம் தேடும் மானையும் பாடியிருக்கிறார். சோழநாட்டுத் தலங்கள் என்றால் வாளை பாயும் வயலும் கமுகும் கண்முன் வரும். இங்கே அவர் கண்டது வேறு நிலம், கண்டதையே பாடினார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக இந்த மண்ணின் இயல்பு பெரிதாக மாறவில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. கோயிலுக்கு வெளியே நின்றபோது அந்தக் கள்ளியின் இடத்தில் சீமைக் கருவேலம் இருந்தது.

மண்ணின் இயல்பு மாறவில்லை, மழையின் ஒழுங்கு குலைகிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை அறுபது விழுக்காட்டுக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டே, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல். மாவட்டத்தின் வடகிழக்கில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. 2021 ஜனவரியில், கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற நேரத்தில், மார்கழிக் கடைசியும் தைப்பொங்கலுமாக அடைமழை. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் மறுபடி அதே அடி. பெரியவரின் விதைப்புக் கணக்கில் தை மாதத்துக்கு மழையே கிடையாது. கணக்குத் தப்பும்போது அவருக்கு இருக்கும் ஒரே காப்பு கண்மாய். மழை தாமதித்தால் பிடித்து வைத்ததைக் கொடுக்கிறது, அளவு மீறினால் ஒரே நாளில் கடலுக்கு ஓடாமல் தாங்கிக்கொள்கிறது.

கடலோரத்தில் கண்மாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்தால், அடியில் ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழத்துக்கு உப்புநீரைத் தள்ளிவைக்கும் என்பது நீரியல் விதி. ஒரு மீட்டர் இறங்கினால் அதே கணக்கில் உப்பு மேலேறும். மீமிசல் கரையில் ஒரு கண்மாய் தூர்ந்தால் ஒரு போகம் மட்டும் போவதில்லை. ஊர்க் கிணறும் உப்பாகிறது, உப்பான கிணறு லேசில் திரும்புவதில்லை.

2020-இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஒன்றியங்களைக் காவிரிப் படுகையோடு சேர்த்தது. ஆவுடையார்கோயில் ஒன்றியத்தில் மீமிசலும் அடக்கம். பாதுகாப்பு கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் டெல்டா என்று பெயர் வந்ததாலேயே டெல்டாவுக்கான திட்டம் இங்கே பொருந்திவிடாது. ஆற்று வாய்க்காலுக்கு ஒதுக்கும் பணத்தால் வானம் பார்த்த பூமிக்குப் பயனில்லை. இங்கே வேண்டியது வரத்துக்காலை மீட்பது, கண்மாய் உள்வாயில் கருவேலத்தை வேரோடு எடுப்பது, கலிங்கையும் மடையையும் செப்பனிடுவது, கடலுக்குப் போகும் ஓடையில் நிற்கும் தடைகளை அகற்றுவது, உப்பளத் தொழிலாளருக்கு வேலையில்லா மாதங்களில் வாழ்வாதாரம் கொடுப்பது. இவற்றில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. நான் பார்த்த கண்மாயின் வரத்துக்கால் ஆவணியிலும் அடைந்தே கிடந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதிக்கு முன்னால் அதைத் திறந்து வைக்க வேண்டியது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, ஊராட்சியின் பொறுப்பு, அந்தத் தண்ணீரில் பங்குள்ள ஒவ்வோர் ஆயக்கட்டுதாரரின் பொறுப்பு.